டியூபாவுக்கு முகம் கிடையாது

நெவில் ஓல்ட்ராய்ட் செய்த குற்றங்கள் இரண்டு. முப்பத்தோரு வருடம் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற அவர், ஒரு மார்ச் மாதக் காலையில் தன் சொந்தக் காரைப் பழக்க தோஷத்தில், பேருந்துகள் மட்டுமே போகலாம் என்ற பேருந்துத் தடத்துக்குள் ஓட்டிப் போனது முதல் குற்றம். தன் வீட்டு வாசலில் மழையில் நனைந்துகொண்டு நின்ற ஒருவனுக்குத் தேநீர் கொடுத்தது இரண்டாவது. முதல் குற்றத்துக்கு நகராட்சி விதித்த அபராதம் எழுபது பவுண்டு. இரண்டாவதற்கு இருநூற்று முப்பத்தைந்து.

முதல் குற்றத்தை அவர் மறுக்கவே இல்லை. அபராத நோட்டீஸைக் கடிகாரத்துக்குப் பின்னால் செருகிவைத்து மறந்துபோனதையும் மறுக்கவில்லை. நகராட்சி அந்தக் கடனை டோவ்லி அண்ட் டோவ்லி என்ற வசூல் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. நிறுவனம் ஒரு கடிதம் போட்டது. அந்தக் கடிதத்துக்கு எழுபத்தைந்து பவுண்டு. ஒரு கடிதத்துக்கு இது கொஞ்சம் அதிகம் என்று நெவிலுக்குத் தோன்றியது. ஆனாலும் தவறு தன்னுடையது என்பதால், ஏப்ரல் மாதத் திங்கட்கிழமை ஒன்றில் பேருந்தில் பயணியாக நகராட்சிக்குப் போய், நூற்று நாற்பத்தைந்து பவுண்டையும் ஜன்னலில் கட்டி, ரசீது வாங்கி, அதையும் கடிகாரத்துக்குப் பின்னால் செருகினார்.

மறுநாள் காலை கதவு தட்டப்பட்டது.

வாசலில் முப்பது வயதுக்காரன் ஒருவன். நெஞ்சில் சிறிய கேமரா, அதில் சிவப்பு விளக்கு. கையில் அட்டை. மேலே யார்க்‌ஷயரின் மழை. அவன் பெயர் கேரத் பிக்கிள்ஸ். தெருக்காரர்கள் அவனைப் போன்றவர்களை அமீனா என்பார்கள். நிறுவனம் அமலாக்க முகவர் என்றது.

“மிஸ்டர் ஓல்ட்ராய்டா?”

“ஆமா தம்பி. மன்னிச்சுக்கோ, மழையில இந்தக் கதவு கொஞ்சம் இறுகிக்கும்.”

“பேருந்துத் தட அபராத விஷயமா வந்திருக்கேன் சார்.”

“நேத்தே கட்டிட்டேனே! இரு, ரசீது காட்டறேன்.”

“ரசீது இருக்கலாம் சார். எங்க கம்ப்யூட்டர்ல வரல.”

“கம்ப்யூட்டர் எப்ப பாத்த?”

“கிளம்பறதுக்கு முன்னாடிதான் சார். சனிக்கிழமை.”

நெவில் ரசீதைக் கொண்டுவந்து காட்டினார். கேரத் அதைப் படம் எடுத்துக்கொண்டான். அவன் காலரிலிருந்து தண்ணீர் சொட்டி ரசீதின் மேல் விழுந்தது. அந்தத் தெருவில், வாசலுக்கு வந்தவனிடம் டீ வேண்டுமா என்று கேட்காமலிருப்பது சாவு வீட்டில் சீட்டியடிப்பதற்குச் சமம். வந்தவன் யார், எதற்கு வந்தான் என்பதெல்லாம் டீ குடித்த பிறகு விசாரிக்க வேண்டிய விஷயங்கள்.

“மன்னிச்சுக்கோ, உன்ன மழையிலயே நிக்க வச்சுட்டேன். உள்ள வா தம்பி. டீ போடறேன். சர்க்கரை?”

“ரெண்டு சார்.”

கூடத்தில் தனி நாற்காலியில், நெவில் பேண்டில் ஊதும் டியூபா உட்கார்ந்திருந்தது. குழந்தையைக் குளிப்பாட்டலாம் போன்ற வாய். பத்துக் கிலோ பித்தளை. கேரத் அதைப் பார்த்து, “என்ன சார் இது?” என்று கேட்டான். மனைவி இறந்த நான்கு வருடத்தில் அந்தக் கேள்வியை நெவிலிடம் யாரும் கேட்டதில்லை. அவர் பத்தொன்பது நிமிடம் பதில் சொன்னார். ஸ்கார்க்ளஃப் ஆலைத் தொழிலாளர் பேண்டு பற்றிச் சொன்னார். இன்று இதுபோல் ஒன்று வாங்க ஏழாயிரம் பவுண்டு ஆகும் என்றார். விட் வெள்ளியன்று, அதாவது பெந்தெகொஸ்தேக்கு அடுத்த வெள்ளிக்கிழமை, சாயங்காலம் டெல்ஃப் கிராமத்துத் தெருவில் வந்து நின்றால் இதை நேரிலேயே கேட்கலாம் என்று அழைப்பும் வைத்தார். கேரத் மூன்று இஞ்சி பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் குறித்துக்கொண்டான்.

“வந்துட்டுப் போனதுக்கு ஒரு கையெழுத்து சார்.”

நெவில் போட்டார்.

எட்டு நாள் கழித்துக் கடிதம் வந்தது. ‘அன்புள்ள வாடிக்கையாளரே’ என்று தொடங்கியது. முகவர் வருகைக் கட்டணம் இருநூற்று முப்பத்தைந்து பவுண்டு என்றது. தாங்கள் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தின்படி கீழ்க்கண்ட பொருள் நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது என்றது. கீழே: ‘இசைக்கருவி, உலோகம், மிகப் பெரியது – 1.’ ஜூன் பதின்மூன்றுக்குள் கட்டணம் வராவிட்டால் பொருள் அன்றே எடுத்துச் செல்லப்பட்டு ஏலம் விடப்படும்.

ஜூன் பதின்மூன்று விட் வெள்ளி.

நெவில் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டு, எதிர் நாற்காலியில் இருந்த டியூபாவைப் பார்த்தார். அது அவருடையது அல்ல. ஆலைத் தொழிலாளர்கள் வாரம் ஒரு பென்னியாகச் சேர்த்து 1911இல் பேண்டுக்கு வாங்கியது. அவருக்கு முன் ஐந்து பேர் ஊதியிருக்கிறார்கள். பேண்டில் இப்போது இருப்பவர்கள் இருபத்தாறு பேர். மற்ற இருபத்தைந்து பேருடைய பொருளை மூன்று பிஸ்கட் நேரத்தில் அவர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

நிறுவனத்துக்குத் தொலைபேசினார். நாற்பத்தோரு நிமிடம் காத்திருப்பு இசை ஒலித்தது. அதில் அடிக்குரல் வாத்தியமே இல்லை என்பதை நெவில் கவனித்தார். பிறகு கிம்பர்லி என்ற பெண் பேசினாள்.

“வாடிக்கையாளர் மகிழ்ச்சிப் பிரிவு. சொல்லுங்க சார்.”

“நான் கடன முந்தின நாளே கட்டிட்டேம்மா. அப்புறம் எதுக்கு ஆள் அனுப்பின கட்டணம்?”

“முதல்ல ஒண்ணு சார். நாங்க யாரையும் கடனாளியாப் பாக்கறதில்ல. எங்களுக்கு எல்லாரும் வாடிக்கையாளர்தான்.”

“நான் உங்ககிட்ட ஒண்ணும் வாங்கலையேம்மா.”

“எங்க வருகைய வாங்கியிருக்கீங்க சார்.”

“நான் கூப்பிடலையே!”

“உள்ள வான்னு கூப்பிட்டிருக்கீங்க. வீடியோ இருக்கு. டீ குடுத்திருக்கீங்க. பிஸ்கட் குடுத்திருக்கீங்க. போறதுக்குள்ள ஒன்பது தடவ மன்னிச்சுக்கோன்னு சொல்லியிருக்கீங்க. எங்க நடைமுறைல மூணு தடவைக்கு மேல போனா அது பொறுப்ப ஒத்துக்கிட்ட மாதிரி.”

“மன்னிச்சுக்கோம்மா, எனக்குப் புரியல.”

விசைப்பலகையில் ஏதோ தட்டும் சத்தம் கேட்டது.

“பத்து,” என்றாள் கிம்பர்லி.

அன்று மாலை ஒத்திகைக்குப் போகும் வழியில் மேவிஸ் சக்டனிடம் சொல்லிவிட்டார். மேவிஸ் இரண்டு வீடு தள்ளி இருப்பவள். பேண்டில் கார்னெட் என்ற சின்ன ஊதுகருவி வாசிப்பவள். நகர நூலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து, தாமதமாகப் புத்தகம் திருப்பியவர்களை நடுங்கவைத்தவள்.

“அமீனாவுக்கு டீ போட்டுக் குடுத்த ஆள இப்பத்தான் முதல் தடவையா பாக்கறேன்,” என்றாள் மேவிஸ்.

“மழை பெஞ்சுது மேவிஸ்.”

“பெய்யட்டுமே. அவன் என்ன உப்பா, கரைஞ்சு போக? பிஸ்கட்டுமா குடுத்த?”

நெவில் கொஞ்சம் வேகமாக நடந்தார்.

“எந்த பிஸ்கட்?”

“இஞ்சி.”

“கிறிஸ்துமஸுக்கு நான் குடுத்த டப்பாவா?” மேவிஸ் நடையை நிறுத்தினாள். “எனக்கு ஒரு வில்ல கூட நீட்டினதில்லையேய்யா நீ.”

இருநூற்று முப்பத்தைந்து பவுண்டு என்பது நெவிலுக்கு ஏறக்குறைய ஒரு வார ஓய்வூதியம். கட்டித் தொலைத்துவிடலாமா என்று கேட்டார்.

“கட்டின கடனுக்குத் திரும்பக் கட்டுவியா? அப்புறம் அடுத்த வருஷமும் வந்து கதவத் தட்டுவான், உன் டீய நெனச்சுக்கிட்டு,” என்றாள் மேவிஸ். “உன்னப் பத்தி அவங்க என்னென்ன எழுதி வச்சிருக்காங்களோ அத்தனையையும் காட்டுன்னு கேக்க உனக்கு உரிமை இருக்கு. சட்டம். ஒரு மாசத்துல காட்டணும். காசும் கேக்கக் கூடாது. நீ கட்டினது அவங்களுக்கு எப்பத் தெரிஞ்சுதுன்னு அதுல இருக்கும்.”

மே இரண்டாம் தேதி மேவிஸ் சொல்லச் சொல்ல நெவில் எழுதினார். கடிதத்தில் மூன்று இடத்தில் ‘மன்னிக்கவும்’ என்று வந்தது. மூன்றையும் மேவிஸ் அடித்தாள்.

பத்தாம் நாள் பதில் வந்தது. தங்கள் கோரிக்கையை வரவேற்கிறோம், ஆனால் தாங்கள்தான் தாங்கள் என்பதற்கு ஆதாரம் தேவை என்றது. நெவில் ஓட்டுநர் உரிமத்தின் நகலை அனுப்பினார். அதில் இருப்பவருக்கு மீசை இருக்கிறது, தங்களுக்கு மீசை இருப்பதாகப் பதிவில் இல்லை என்று பதில் வந்தது. தண்ணீர் வரி ரசீதை அனுப்பினார். அது தண்ணீர் வருகிறது என்பதற்கு மட்டுமே ஆதாரம் என்றார்கள்.

நெவில் நேரில் போனார். நிறுவனத்தின் தலைமை அலுவலகம் புறவழிச்சாலைக்கு அப்பால், ஒரு கம்பளக் கிடங்குக்கும் குழந்தைகள் குதித்து விளையாடும் கூடத்துக்கும் நடுவில் இருந்தது. தகவல் காப்பு அலுவலர் ஜூலியன் ஃபோர்த் எழுந்து நின்று கை கொடுத்தார். நல்ல கோட்டு. சுவரின் அந்தப் பக்கம் குழந்தைகள் குதிக்கும்போதெல்லாம் அவர் மேஜையிலிருந்த விருதுக் கோப்பை நடுங்கியது.

“வாங்க மிஸ்டர்… உங்க பேர நான் சொல்லக் கூடாது. இன்னும் உறுதியாகல. உக்காருங்க. உங்க தகவல் எங்ககிட்ட ரொம்பப் பத்திரமா இருக்கு.”

“யார்கிட்டேர்ந்து பத்திரமா?”

“எல்லார்கிட்டேர்ந்தும். அதுதான் எங்க பெருமை. மத்த கம்பெனிங்க வெளியாளுங்ககிட்டேர்ந்து மட்டும் காப்பாத்துவாங்க. நாங்க ஒரு படி மேல. சம்பந்தப்பட்டவர்கிட்டேர்ந்தும் காப்பாத்தறோம். போன வருஷம் நாலாயிரம் பேர் அவங்கவங்க தகவலக் கேட்டாங்க. ஒருத்தர் கைக்குக் கூட முழுசாப் போகல.” அவர் கோப்பையைக் காட்டினார். “அதுக்குத்தான் இது.”

“ஆனா உங்க ஆளு நான்தான்னு நம்பித்தானே டியூபாவ எழுதிக்கிட்டுப் போனாரு?”

“அது பறிமுதல் பிரிவு. அவங்க நம்பிக்கையான ஆளுங்க.” ஜூலியன் ஃபோர்த் மிகுந்த பொறுமையுடன் விளக்கினார். “ஒருத்தர்கிட்ட வாங்கறப்போ சந்தேகப்பட்டா அது அவர அவமானப்படுத்தற மாதிரி. குடுக்கறப்போ சந்தேகப்படலேன்னா அது கம்பெனிய அவமானப்படுத்தற மாதிரி. ரெண்டு பேரையும் நாங்க மதிக்கிறோம்.”

கடைசியில் அவரே வழி சொன்னார். நெவிலை நேரில் பார்த்த முகவரே மறுபடி வீட்டுக்கு வந்து, பார்த்து, ஆமாம் இவர்தான் என்று எழுதிக் கொடுக்கலாம்.

“அதுக்குக் கட்டணம்?”

“சேச்சே. அது நல்லெண்ண வருகை. இலவசம். நீங்களா உள்ள கூப்பிட்டாத்தான் அது கட்டண வருகை ஆயிடும்.”

வருகை நாளில் மழை பெய்தது. கேரத் வாசலில் நின்றான். நெவில் கதவைத் திறந்துகொண்டு உள்ளே நின்றார். நெவிலின் முதுகுக்குப் பின்னால் மேவிஸ், கார்னெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, காவலுக்கு நின்றாள்.

“இவர்தான்,” என்றான் கேரத், கேமராவைப் பார்த்து. அட்டையில் எழுதினான். காலரிலிருந்து தண்ணீர் சொட்டியது. அடுப்பில் கெண்டி வேறு சீறத் தொடங்கியிருந்தது. மேவிஸ் பார்க்காதபோது நெவிலே வைத்தது. அவர் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். வாய் ஒருமுறை திறந்து மூடியது.

“கேக்காதே,” என்றாள் மேவிஸ் பின்னாலிருந்து.

“நான் ஒண்ணும் கேக்கல.”

“முதுகப் பாத்தாலே தெரியுது, கேக்கப் போற.”

கேரத் உள்ளங்கையால் கேமராவை மூடிக்கொண்டு குரலைத் தாழ்த்தினான். “கேக்காதீங்க சார். கேட்டா நான் எழுதணும். ஒரு நாளைக்கு முப்பது கதவு தட்டறேன். நாய விட்டவங்க இருக்காங்க, குப்பைத் தண்ணி ஊத்தினவங்க இருக்காங்க. டீ குடுத்தது நீங்க ஒருத்தர்தான். அதனாலதான் உங்க கேஸ் மட்டும் எல்லாக் கட்டமும் நிரம்பிப் பூர்த்தியா இருக்கு. பயிற்சி வகுப்புல காட்டறாங்க.”

அவன் போன பிறகு நெவில் ஜன்னல் வழியாக அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அன்று டீ இறங்கவில்லை.

ஜூன் இரண்டாம் தேதி பார்சல் வந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். நெவிலும் மேவிஸும் மேஜையைத் துடைத்துவிட்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு பிரித்தார்கள். முதல் பக்கம் முழுக்கக் கறுப்பு. இரண்டாம் பக்கமும். மூன்றாம் பக்கத்தில் ‘அன்புள்ள’ என்பது மட்டும் தப்பியிருந்தது. மூன்றாம் நபர்களின் அந்தரங்கத்தைக் காக்கும் பொருட்டுச் சில சொற்கள் மறைக்கப்பட்டுள்ளன என்று இணைப்புக் கடிதம் சொன்னது. நெவிலின் பெயர் மறைக்கப்பட்டிருந்தது, ஏனெனில் அதே பெயரில் லிங்கன் நகரத்துப் பக்கத்தில் இன்னொருவர் இருக்கிறார். நெவில் பேசியவை மறைக்கப்பட்டிருந்தன, ஏனெனில் அவை கேரத்திடம் பேசியவை. கேரத் பேசியவை மறைக்கப்பட்டிருந்தன, ஏனெனில் அவன் கேரத்.

மனிதர்களைப் பற்றியதல்லாத விஷயங்கள் மட்டும் தப்பியிருந்தன. இருநூற்று ஆறாம் பக்கத்தில், கறுப்புக்கு நடுவே, இப்படி இருந்தது: ‘டீ – 1. சர்க்கரை – 2. பிஸ்கட் – 3, இஞ்சி, தரமானது.’

“தரமானதுன்னு எழுதியிருக்கான்,” என்றாள் மேவிஸ், கொஞ்சம் இளகி.

கடிகார நேரமும் மனிதர் அல்ல என்பதால் தப்பியிருந்தது. முந்நூற்றுப் பதினொன்றாம் பக்கத்தில் இரண்டு வரி. ‘திங்கள், மாலை 4.10: நகராட்சித் தகவல். கணக்கு பைசல்.’ ‘செவ்வாய், காலை 10.40: முகவர் வருகை.’

மேவிஸ் நூலகத்துச் சிவப்புப் பென்சிலால் இரண்டையும் வட்டமிட்டாள்.

பார்சலில் ஒரு பென்டிரைவும் இருந்தது. அதில் கேரத்தின் நெஞ்சுக் கேமரா எடுத்த படம். குரல்கள் அகற்றப்பட்டிருந்தன. முகங்கள் பனிமூட்டமாக்கப்பட்டிருந்தன. ஒரு பனிமூட்டம் கதவைத் திறந்தது. கூடத்துச் சுவரில் நெவிலின் மனைவி படமும் ஒரு பனிமூட்டம். வாசலில் குறுக்கே போன மேவிஸின் பூனைக்கும் முகத்தில் பனிமூட்டம் போட்டிருந்தார்கள். ஆனால் டியூபாவுக்கு முகம் கிடையாது. பத்தொன்பது நிமிடம் அது திரை நிறைய, தெள்ளத்தெளிவாக உட்கார்ந்திருந்தது. முகமில்லாத ஒருவர் கைக்குட்டையை எடுத்து, அதன் வாயில் பொறித்த எழுத்தைத் துடைத்து, கேமராவுக்கு நேராகத் திருப்பிக் காட்டினார்.

‘ஸ்கார்க்ளஃப் ஆலைத் தொழிலாளர் பேண்டின் சொத்து. 1911. விற்பனைக்கல்ல.’

“இதப் படிச்சுட்டுத்தான் உன் சாமான்னு எழுதியிருக்கான்,” என்றாள் மேவிஸ்.

“அவனுக்கு டீ சூடா இருந்துது. கவனிச்சிருக்க மாட்டான்.”

“நீ அவன் பக்கமா, உன் பக்கமா?”

நிறுவனத்துக்கு எழுதிய கடிதம் மூன்றே வாக்கியம். கணக்கு பைசலானது தெரிந்து பதினெட்டரை மணி நேரம் கழித்து வந்ததற்குக் கட்டணம் கிடையாது. பேண்டின் பொருளைத் தொட உங்களுக்கு அதிகாரம் கிடையாது. இரண்டுக்கும் ஆதாரம் நீங்களே அனுப்பியது. மேவிஸ் இதைப் பதிவுத் தபாலில் அனுப்பினாள்.

ஜூன் பதினொன்றாம் தேதி ஜூலியன் ஃபோர்த் கையொப்பத்துடன் பதில் வந்தது. தங்கள் கடிதத்தின் மூலம் ஒரு கடுமையான தகவல் கசிவு நடந்திருப்பது தெரியவந்தது. தங்களைப் பற்றிய உண்மையான தகவல்கள் சில, தகுந்த பாதுகாப்பின்றி, தங்கள் கையிலேயே கிடைத்திருக்கின்றன. கசிவு நடந்தால் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே தங்கள் தகவல் தங்களிடம் கசிந்துவிட்டது என்பதைத் தங்களுக்கு வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். மேலும் கசியாமலிருக்க, தங்களைப் பற்றி எங்களிடமிருந்த பெயர், முகவரி, கணக்கு உள்ளிட்ட யாவும் இன்று நண்பகலில் நிரந்தரமாக அழிக்கப்பட்டன.

நெவில் தொலைபேசினார். இந்த முறை முப்பத்தெட்டு நிமிடம்.

“அப்ப நான் கட்ட வேண்டியதில்லையாம்மா?”

“யாரு சார்?” என்றாள் கிம்பர்லி.

“நான். நெவில் ஓல்ட்ராய்ட்.”

“அப்படி ஒருத்தர் எங்ககிட்ட இல்லையே சார்.”

“அதான் கேக்கறேன். இல்லாத ஆள்கிட்ட கட்டணம் கேக்க மாட்டீங்கல்ல? அத ஒரு காகிதத்துல எழுதிக் குடுங்களேன்.”

“யார் பேருக்கு சார் எழுதறது?”

நெவில் சற்று யோசித்தார். “டியூபா?”

தட்டும் சத்தம். “டியூபா இருக்கு சார். அது பறிமுதல் பிரிவு. சாமானுக்கு அந்தரங்கம் கிடையாதே, அதனால அழிக்கல. வெள்ளிக்கிழமை வண்டி போட்டாச்சு.”

“எந்த முகவரிக்கு?”

“முகவரி அழிச்சாச்சு சார். ஆனா சாமான் எங்க இருக்கும்னு குறிப்பு இருக்கு. அது சாமானோட தகவல்.”

“என்ன குறிப்பு?”

“அத வெளியாளுக்குச் சொல்லக் கூடாது சார். நல்ல நாளா அமையட்டும்.”

விட் வெள்ளியன்று டெல்ஃப் கிராமத்துக்கு வழக்கம்போல மழை முதலில் வந்தது. அறுபத்திரண்டு பேண்டுகள் பின்னால் வந்தன. ஒவ்வொன்றும் பஸ்ஸிலிருந்து இறங்கி, வரிசை கட்டி, தெருவில் வாசித்துக்கொண்டே இறங்கி, மைதானத்தில் ஒரு பாட்டு வாசிக்க வேண்டும். நடுவர் மைதான ஓரத்தில் திரையிட்ட கேரவனுக்குள் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வாசிப்பது எந்த ஊர் என்று அவருக்குத் தெரியக் கூடாது. பெயரை மறைத்தால் நியாயம் கிடைக்கும் என்று அந்த ஊர் நூறு வருடமாக நம்பிவருகிறது.

ஸ்கார்க்ளஃப் பேண்டு இறங்கும்போது மணி ஆறு. நல்ல வெளிச்சம். நெவில் டியூபாவைத் தோளில் ஏற்றினார். பேண்டுத் தலைவரிடம் அவர் இன்னும் சொல்லவில்லை. ஆறு வாரமாக ஒவ்வொரு ஒத்திகைக்கும் சொல்ல வேண்டும் என்று போய், ஊதிவிட்டுத் திரும்பியிருந்தார்.

தெருவின் திருப்பத்தில், தேவாலயச் சுவரோரம், வெள்ளை வண்டி நின்றது. அதன் அருகில் கேரத் பிக்கிள்ஸ் கையில் ஒரு தாளோடு நின்றான்.

“பாத்துட்டேன்,” என்றாள் மேவிஸ், முன்வரிசையிலிருந்து தலையைத் திருப்பாமல். “ஊது. நிறுத்தாதே.”

நெவில் ஊதினார். கேரத் கூட்டத்தினூடே பக்கவாட்டில் நடந்துவந்தான்.  அடிக்குரல் ஒரு இடத்தில்கூட நொண்டவில்லை. கடைசித் தடவையாக இருந்தால் ஒழுங்காக ஊதிவிட்டுக் கொடுப்போம் என்று அவர் நினைத்திருக்கலாம். மைதானத்தில் பாட்டு முடிந்ததும் கேரத் பக்கத்தில் வந்து நின்றான். தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தான்.

“சார்.”

“என்னப்பா,” என்றாள் மேவிஸ் குறுக்கே வந்து.

அவன் தாளை நீட்டினான். பெயர் இருந்த இடம் கறுப்பு. முகவரி இருந்த இடம் கறுப்பு. கீழே: ‘இசைக்கருவி, உலோகம், மிகப் பெரியது – 1. இருப்பிடம்: விட் வெள்ளி மாலை, டெல்ஃப் தெரு.’

“நாலு மணிலேர்ந்து பாக்கறேம்மா. பேண்டுக்கு மூணு நாலுன்னு எழுபது போயிடுச்சு.”

“எல்லாம் மிகப் பெரியதா?”

“எல்லாமே மிகப் பெரியது.”

“வாயில பேர் வெட்டியிருப்பாங்களே. படிச்சுப் பாக்கறதுதானே?”

“பேர் படிக்கக் கூடாதும்மா. மூணாம் ஆளோட தகவல். புதன்கிழமை சுற்றறிக்கை வந்திருக்கு. ஞாபகத்துல இருக்கறத வச்சும் வேலை பாக்கக் கூடாதாம். ஞாபகமும் ஒரு பதிவுதானாம்.” அவன் நெவிலின் முகத்தைப் பார்க்காமல், டியூபாவைப் பார்த்துச் சொன்னான். “இன்னிக்கு முன்னாடி நான் இவர எங்கயும் பாத்ததில்ல. ஆனா இதுதான்னு யாராவது அவங்களா வாயத் தொறந்து சொன்னா நான் எடுத்துத்தான் ஆகணும். கேமரா ஓடுது.”

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நெவில் ஓல்ட்ராய்ட் பொய் சொல்லத் தெரியாத மனிதர். பேருந்துத் தடத்தில் போனதை ஒருமுறைகூட மறுக்காதவர். எதிரில் ஒருவன் மழையில் நின்று, அவருக்குத் தெரிந்த ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தான். அவர் வாய் திறந்தது.

“மன்னிச்சுக்கோ தம்பி—”

மேவிஸ் அவர் காலை மிதித்தாள்.

நெவில் கண்ணை மூடித் திறந்தார். “—எவ்வளவு நேரமா நனையற. டீ குடிக்கிறியா?”

மேவிஸ் பதறிப்போய் அவரைப் பார்த்தாள். பிறகு சுற்றிலும் பார்த்தாள். அது மைதானம். கதவு இல்லை, வாசல்படி இல்லை, யாருடைய வீடும் இல்லை. அவளுக்கே சிரிப்பு வந்தது.

“குடிக்கட்டும்,” என்றாள். “இங்க குடிச்சா ஒரு கட்டமும் நிரம்பாது.”

மெதடிஸ்ட் தேவாலயக் கூடத்தில் டீ விற்றார்கள். கூட்டம் அதிகம் என்பதால், பெயர் கேட்டுச் சீட்டில் எழுதி, வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள் ஒரு பெரிய உடம்புக்காரி. டியூபாவைத் தோளில் சுமந்தபடியே நெவில் வரிசையில் நின்றார். கேரத் அவருக்குப் பின்னால் நின்றான். மேஜை வந்தது.

“பேர் சொல்லு கண்ணு,” என்றாள் அவள், பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு.

கேரத் குனிந்து நெஞ்சுக் கேமராவின் பொத்தானை அழுத்தினான். விளக்கு அணைந்தது.

“பேர் வேணாம்மா,” என்றான் மெதுவாக. “எங்கயும் எழுதாதீங்க.”

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “பேர் இல்லாம நான் எப்படிக் கூப்பிடறது? சர்க்கரை எத்தனை?”

“ரெண்டு,” என்றார் நெவில்.

அவள் சீட்டில் எழுதிக் கம்பியில் குத்தினாள்: ‘டீ 1. சர்க்கரை 2. நனைஞ்ச பையன்.’